அடையாற்றைச் சீர்செய்வதால் கடல் உயிர்களுக்கு உண்மையில் என்ன பயன்?

கோட்டூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை அகற்றும் பணியைச் செய்து வருகிறோம். கடலைக் காப்பதில் நம்மால் இயன்ற சிறு பங்கு என்ற எண்ணத்தில்தான் இது தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அடையாற்று முகத்துவாரத்தின் இரு பக்கங்களிலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் தெர்மாகோல் துண்டுகளும் வந்து குவிவதைப் பார்த்த பிறகு, குப்பை வருகிற வழியை விட்டுவிட்டு அது வந்து சேர்ந்த இடத்தை மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் சங்கத்தில் எழுந்திருக்கிறது.

எனவே கோட்டூர்புரம் பாலத்துக்கும் திரு.வி.க. பாலத்துக்கும் இடைப்பட்ட ஆற்றங்கரைக்கு எங்கள் பணியை மாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. அடையாறு செத்துப்போன ஆறு, அதில் ஜிலேபி மீனைத் தவிர வேறெதுவும் இல்லை, கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கடற்கரையில்தான் நிற்க வேண்டும், சாக்கடையில் இறங்குவதால் ஆமைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்பது அவர்களின் வாதம்.

என் கேள்விகள் இவை. ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்பு போட்டுக் குப்பையைப் பிடித்துவிட்டால் கடலுக்கு நாம் செய்ய வேண்டியது முடிந்துவிடுமா? நகர எல்லைக்குள் ஓடும் இந்தச் சில கிலோமீட்டர் ஆற்றுக்கும் கடலில் வாழும் உயிர்களுக்கும் குப்பையைத் தாண்டி வேறு தொடர்பு இருக்கிறதா? இத்துறையை அறிந்தவர்கள் விரிவாக விளக்கினால் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

உவர்நீர் எழுதியது:

வணக்கம். மீன்வளப் பாடங்களை நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன், ஏனெனில் அதற்கு விடை கிடைத்துவிட்டால் மிதவைத் தடுப்பைப் பற்றிய கேள்வி தானே தெளிந்துவிடும்.

ஆற்றையும் கடலையும் சேர்த்துப் பேசும்போது ஆறு கடலில் எதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதை மட்டுமே நாம் பார்க்கிறோம். கடல் ஆற்றுக்குள் எதை அனுப்புகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. காசிமேட்டில் நாம் வாங்கும் வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் கரையிலிருந்து விலகி ஆழமான பகுதியில் முட்டையிடுகிறது. ஒரு தாய் இடும் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அவை பொரித்து, சில வாரங்கள் கடலில் மிதந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுருக்களாகப் பல நிலைகளைக் கடந்து, இறால் வடிவம் பெற்றதும் ஏறுகிற ஓதத்தோடு (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதே ஓதம்) முகத்துவாரங்களின் வழியே உவர்நீருக்குள் நுழைகின்றன. அங்கே சேற்றிலும் பாசியிலும் கிடைக்கும் உணவை உண்டு சில மாதங்கள் வளர்ந்த பிறகு மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. விசைப்படகு நடுக்கடலில் அள்ளிவரும் இறால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு பழவேற்காட்டிலோ எண்ணூரிலோ முட்டுக்காட்டிலோ விரல்நுனி அளவில் சேற்றில் ஒளிந்திருந்த குஞ்சாக இருந்திருக்கும்.

மடவை மீனும் அப்படித்தான். அது முட்டையிடுவது கடலில், அதன் குஞ்சுகள் கூட்டமாக ஏறிவருவது கழிமுகத்துக்கு. கொடுவாயின் குஞ்சுகளுக்கும் கழிமுகமும் அதை ஒட்டிய சதுப்பும்தான் வளரும் இடம். விலாங்கு இதற்கு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ஆற்றிலும் ஏரியிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காக ஆழ்கடலை நோக்கிப் போய்விடுகிறது. அதன் கண்ணாடிபோன்ற குஞ்சுகள் திரும்பவும் முகத்துவாரம் தேடி வருகின்றன. இந்த உயிர்களுக்கு அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு என்ற மூன்று முகத்துவாரங்களும் கடலின் ஒரு பகுதியே. வரைபடத்தில் நாம் கோடு போட்டு ஆறு இங்கே முடிகிறது, கடல் இங்கே தொடங்குகிறது என்று சொல்வது நிர்வாக வசதிக்காக மட்டுமே. கடலோர ஒழுங்காற்று விதிகள்கூட ஓதத்தின் தாக்கம் உள்ள ஆற்றுப் பகுதியைத் தம் வரம்புக்குள் கொண்டுவருகின்றன. வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை அந்த வரம்பு செல்கிறது.

இப்போது 'செத்த ஆறு' என்ற வாதத்துக்கு வருவோம். ஜிலேபி மீன் மட்டும் மிஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகக் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும், நீரின் மேற்பரப்புக்கு வந்து வாய்திறந்து சுவாசித்துக்கொள்ளும். ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றையே நேரடியாகச் சுவாசிக்கவல்லது. கடலிலிருந்து வரும் மடவைக் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் அந்த வசதி இல்லை. மீன்கள் வாழவும் பெருகவும் தகுந்த நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்தும் நீரில் லிட்டருக்கு குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க வேண்டும், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கழிவுநீர் தேங்கும் நாள்களில் நகர ஆறுகளில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. முதல் பெருமழையில் அடிச்சேறு கலங்கி மேலே வரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. மழை பெய்த மறுநாள் கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டு யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்வார்கள். பல நேரங்களில் அங்கே நடந்தது மூச்சுத்திணறல்தான்.

ஆமையைப் பற்றியும் ஒரு சொல். சங்கத்தில் மறுத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய பங்குனி ஆமைகளின் சாவுக்கு முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது மீன்பிடி வலைகளில் சிக்கி மூழ்கியதுதான். அதற்கு ஆற்றைத் துப்புரவு செய்வது மருந்தாகாது. இழுவலையில் ஆமை தப்பிக்கும் கருவியைப் பொருத்துவதும், ஆமைக் காலத்தில் கரையோரம் இழுவலை போடுவதைத் தடுப்பதும்தான் வழி. ஆனால் ஆமைக்கும் ஆற்றுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒடிசாவில் அவை ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும் கஹிர்மாதா, தேவி, ருஷிகுல்யா ஆகிய மூன்று இடங்களும் ஆறுகள் கடலில் கலக்கும் முகத்துவாரங்களை ஒட்டியவை. ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மணல்திட்டுகள்தான் அவற்றுக்கு ஈற்றறை. மணலை அணைகளிலும் லாரிகளிலும் நிறுத்திவிட்டால் கடற்கரைக்கு என்ன மிஞ்சும் என்பதையும் உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணூர்க்கரை எழுதியது:

உவர்நீர் ஐயா எழுதியதை எங்கள் பகுதிப் பெரியவர்கள் படித்தால், இதைத்தான் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். நான் கொசஸ்தலையாற்றங்கரை மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். இந்தத் தளத்தில் நகர ஆறு என்றால் அடையாறும் கூவமும்தான் நினைவுக்கு வருகின்றன. வடசென்னையின் ஆற்றைப் பற்றியும் சிறிது எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆற்றில் கட்டுவலையும் வீச்சுவலையும் போடுவோர் உண்டு. இருளர் மக்கள் வலையே இல்லாமல் இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பச்சை ஆழி, மட்டி ஆகிய சிப்பியினங்களும் ஒரு காலத்தில் தாராளமாகக் கிடைத்தன. அந்தச் சேறுதான் எங்களுக்கு வயல். அதன் மேல் இன்று மூன்று விதமான போர்வைகள் விழுந்திருக்கின்றன. ஒன்று, அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்கள் உடைந்து ஆண்டுக்கணக்கில் ஆற்றில் படிந்த சாம்பல். இரண்டாவது, எண்ணெய். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோது எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணெய் இம்முறை எதிர்த்திசையில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எங்கள் ஆற்றுக்கு வந்து, ஆற்றிலிருந்து கடலுக்குப் போனது. படகும் வலையும் கரியாகிப்போயின, கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிய சிறகோடு பறக்க முடியாமல் நின்றன, வாளியும் குவளையும் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களே எண்ணெயை அள்ளினார்கள்.

மூன்றாவது போர்வையைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. காக்கா ஆழி என்று நாங்கள் சொல்லும் கருமையான சிப்பியினம் ஆற்றின் அடித்தளத்தைக் கம்பளம்போல் மூடிக்கொண்டு வருகிறது. இதன் தாயகம் தென்அமெரிக்கக் கரை. கப்பல்கள் எடையைச் சமன்செய்ய நிரப்பிக்கொண்டு வந்து துறைமுகங்களில் வெளியேற்றும் நீரோடு இது வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நீரில் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் இதற்குக் கவலை இல்லை. சேற்றின் மேல் ஒன்றோடொன்று நார்போட்டுப் பிணைந்து அடர்ந்துவிடுவதால் இறால் புதைந்து ஒளியச் சேறு கிடைப்பதில்லை. மட்டியும் பச்சை ஆழியும் அதன் அடியில் மூச்சடைத்துப் போகின்றன. கையால் இறால் பிடிப்பவர்களின் விரல்களை அதன் கூரிய ஓடு கிழித்துவிடுகிறது. கேரளத்தின் காயல்களிலும் இது பரவியிருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஆறு கடலைக் கெடுக்கிறது என்று மட்டும் பேசினால் துறைமுகத்தைப் பற்றிய பேச்சே வராமல் போய்விடுகிறது. கடல் வழியாக வரும் கேடும் முகத்துவாரத்தில்தான் முதலில் குடியேறுகிறது. பிறகு அதைச் சுமப்பவர்கள் ஆற்றோரத்தில் இருப்பவர்கள்.

நீர்ப்பொறி எழுதியது:

கழிவுநீர்த் திட்டங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் மிதவைத் தடுப்பைப் பற்றிய கேள்விக்கு நான் விடையளிக்க முயல்கிறேன்.

தடுப்பு வீண் என்று சொல்லமாட்டேன். கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆய்வு, உலகின் பத்துப் பேராறுகளே பெரும்பங்குக்குக் காரணம் என்ற எண்ணத்தைப் பரப்பியது. 2021-இல் வந்த விரிவான கணக்கீடு அதை மாற்றியது. ஆறுகள் வழியே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பகிர்ந்துகொள்கின்றன என்றும், கடற்கரைப் பெருநகரங்களின் நடுவே ஓடும் சிற்றாறுகள் தம் அளவுக்கு மீறிக் குப்பையைக் கொட்டுகின்றன என்றும் அது காட்டியது. கூவமும் அடையாறும் அந்த விவரிப்புக்கு அப்படியே பொருந்துகின்றன. எனவே தடுப்பு போடுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது மிதப்பதை மட்டும் பிடிக்கும். வெள்ளம் வரும் நாளில், அதாவது மிக அதிகமான குப்பை போகும் அந்த ஓரிரு நாள்களில், நீர் அதன் மேலேறிப் போய்விடும். கரைந்த அம்மோனியாவையும் சோப்பு நுரையையும் அடியில் உருளும் பைகளையும் அது தொடுவதில்லை. மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் பக்கம் கரையேறும் வெள்ளை நுரையில் குழந்தைகள் விளையாடும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த நுரை எந்த மிதவையிலும் நிற்காது.

அடையாற்றின் உண்மையான சிக்கலைச் சொல்வதானால் இரண்டைச் சொல்ல வேண்டும்: நல்ல நீர் வரத்து இல்லை, முகத்துவாரம் திறந்திருப்பதில்லை. நம் ஆறுகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழை நின்றதும் செம்பரம்பாக்கம் ஏரி குடிநீருக்காக நீரைத் தேக்கிக்கொள்கிறது. கொசஸ்தலையாற்றின் நீரை 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் எடுத்துக்கொள்கிறது. குடிநீர் வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டின் மிகுதி மாதங்களில் நகருக்குள் ஆறு என்று ஓடுவது சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரும், மழைநீர் வடிகால்களில் திருட்டுத்தனமாக இணைக்கப்பட்ட வீட்டுக் கழிவும்தான் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சுத்திகரித்த நீரிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பெருமளவு மிஞ்சுகின்றன. அவை கடலில் சேரும்போது பாசிகளுக்கு உரமாகின்றன.

முகத்துவாரத்தின் கதை துறைமுகத்தில் தொடங்குகிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுமைக்கும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த நகர்வை மறித்தன. தெற்கே சேர்ந்த மணல்தான் இன்று நாம் பெருமைப்படும் மெரினா. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகள் மணல் வரத்தின்றி அரிக்கப்பட்டன. கூவத்தின் வாய் அந்த மணல் சேரும் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. அடையாற்றிலும் மழைக்காலத்தில் வெள்ளம் மணல்திட்டை அறுத்துத் திறக்கிறது, கோடை நெருங்க நெருங்கக் கடல் நீரோட்டம் மீண்டும் திட்டை வளர்த்து வாயைச் சுருக்குகிறது. பிறகு இயந்திரங்களைக் கொண்டு தூர்வாருகிறார்கள், சில நாள்களில் மணல் திரும்ப வந்துவிடுகிறது. உள்ளே தள்ளும் நீர் போதாத முகத்துவாரத்தை மண்வாரி இயந்திரம் நெடுநாள் காப்பாற்றாது.

லண்டனின் தேம்ஸ் ஆற்றை இங்கே அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 1957-இல் உயிர்களற்ற ஆறு என்று சொல்லப்பட்ட அது, பெக்டன், கிராஸ்னெஸ் ஆகிய இரு பெரும் கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்திய பிறகு, 1970-களிலேயே மீன்கள் திரும்பும் ஆறாக மாறியது. இன்று அதன் கழிமுகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனினங்களும் கடல்நாய்களும் உள்ளன. ஆற்றில் குப்பை பொறுக்கியதால் அந்த மாற்றம் வரவில்லை, ஆக்சிஜன் திரும்பியதால் வந்தது. அப்படியும் அவர்கள் மழைநாள்களில் வழிந்தோடும் கழிவைப் பிடிக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்டி 2025-இல்தான் முழுமையாக இணைத்தார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. லண்டனில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ 7 மீட்டர், அதுவே ஆற்றை நாள்தோறும் இருமுறை அலசிவிடுகிறது. சென்னையில் அது சுமார் 1 மீட்டர்தான். தேம்ஸ் வற்றாத ஆறு, நம்முடையது அப்படியல்ல. எனவே கழிவுநீர் ஆற்றில் கலக்காமல் தடுப்பது அவர்களுக்குத் தேவைப்பட்டதைவிட நமக்கு அதிகமாகத் தேவை.

இன்னொரு முரணையும் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூரில் 2010 முதலும், நெம்மேலியில் 2013 முதலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வீதம் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொரு நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைத் தலா 4.5 கோடி லிட்டர் வரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்களும் உள்ளன. அந்த இரண்டாவது வழியைப் பெருக்கினால் கடலிலிருந்து எடுப்பதும் குறையும், கடலில் விடுவதும் குறையும்.

கோட்டூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. குப்பையின் எடையை நிறுத்துப் படம் எடுத்துப் போடுவதையே எங்கள் பணியின் அளவுகோலாக வைத்திருந்தோம். ஆக்சிஜனையும் முகத்துவாரத்தையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு ஐயங்கள் மட்டும். ஆற்றங்கரையில் உள்ள குடிசைகளை அகற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது சரியா? மேலும் எங்களைப் போன்ற பொதுமக்கள் குழு அளந்து பதிவுசெய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

சதுப்புநிலன் எழுதியது:

உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் எழுதுகிறேன்.

கூவம், அடையாறு சீரமைப்பின் பெயரால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரைகளிலிருந்து எடுக்கப்பட்டுப் பெரும்பாக்கம் முதலான இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் போன பிறகு ஆற்றில் ஆக்சிஜன் ஏறிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். கரையோரக் குடிசையில் இருப்பவர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் அவர் வெளியேற்றும் கழிவும் குறைவு. ஆற்றை நிரப்புவது மாடிக் குடியிருப்புகளின், வணிக வளாகங்களின், மருத்துவமனைகளின் கழிவுநீர். அது வடிகாலுக்குள் மறைந்து வருவதால் கண்ணில் படுவதில்லை, குடிசை கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். வெள்ள அபாயம் உள்ள கரையில் யாரும் வாழக்கூடாது என்பது வேறு வாதம், அதில் நியாயம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மக்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். ஆனால் அதைத் தூய்மையின் கணக்கில் எழுதுவது நேர்மையல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மக்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதிகள். தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வரும் நீரை அந்தச் சதுப்பு வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் விட்டு, கோவளம் கழிமுகத்தில் கடலுக்குச் சேர்க்கிறது. உவர்நீர் ஐயா சொன்ன முட்டுக்காட்டு இறால் குஞ்சுக்கு நல்ல நீர் வருவது அந்தப் பாதையில்தான். 2022-இல் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, மகிழ்ச்சி. அதன் ஓரத்தில் எழுந்த பெருநிறுவன வளாகங்களும் குப்பைமேடும் அதற்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டன. ஓர் ஆற்றைத் தூய்மை செய்வதாகச் சொல்லி இன்னொரு நீர்வழியின் மடியில் வீடுகளைக் கட்டியவர்கள், இரண்டும் ஒரே கடலில் சேர்வதை யோசிக்கவில்லை போலும்.

உங்கள் சங்கம் முதலில் செய்யக்கூடியது, உங்கள் குடியிருப்புகளின் கழிவுக் குழாய் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, மழைநீர் வடிகாலில் சேர்கிறதா என்று ஒவ்வொரு வீடாகப் பார்ப்பதுதான். இதற்கு ஆற்றில் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

உவர்நீர் எழுதியது:

சதுப்புநிலன் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை எழுதுகிறேன்.

நீங்கள் அளக்க வேண்டியவை இரண்டே: கரைந்துள்ள ஆக்சிஜனும் உப்பின் அளவும். ஆக்சிஜனை அளக்கக் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. கருவி வாங்க முடியாவிட்டால் மருந்துத் துளிகள் விட்டு நிறமாற்றத்தைக் கொண்டு கணக்கிடும் பழைய முறை இருக்கிறது, கல்லூரி வேதியியல் மாணவர் எவரும் செய்து கொடுப்பார். உப்பை அளக்க இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் சிறு உப்புமானி போதும். ஒரு நுட்பத்தை மட்டும் மறவாதீர்கள். நண்பகலில் அளந்தால் பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டிருக்கும், அளவு நன்றாகத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். இரவு முழுவதும் அதே பாசியும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை உண்டு தீர்த்த பிறகு, விடியலுக்குச் சற்று முன்பு கிடைக்கும் அளவுதான் மீன் குஞ்சு பிழைக்குமா சாகுமா என்பதைச் சொல்லும்.

இடங்களையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். முகத்துவாரத்தின் உட்புறம், திரு.வி.க. பாலத்தின் கீழ், கோட்டூர்புரம் பாலத்தின் கீழ் என்று கடலிலிருந்து உள்நோக்கி வரிசையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கடல்நீர் எதுவரை ஏறுகிறது, ஆக்சிஜன் எங்கே விழுகிறது என்ற இரண்டும் ஒன்றாகத் தெரியவரும். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களிடம் முதலில் பேசுங்கள். முகத்துவாரம் எப்போது திறந்தது, எப்போது மூடியது, வீச்சுவலையில் மடவைக் குஞ்சு விழுந்ததா இல்லையா என்பது அவர்களுக்கு நாள் தவறாமல் தெரியும். அவர்கள் சொல்வதை உங்கள் அளவுகளோடு சேர்த்து எழுதிவையுங்கள், இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பொருள் விளங்காது. குழந்தைகளை ஆற்று நீரில் இறக்க வேண்டாம், பெரியவர்களும் கையுறையும் காலணியும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

பொங்கல் கழிந்ததும் ஒருமுறை அளந்துவிடுங்கள், அப்போது மழைநீரின் மிச்சம் ஆற்றில் இருக்கும், வாயும் திறந்திருக்கும். அதே இடங்களில் சித்திரையில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுகளையும் இங்கே பதிந்தால், மணல்திட்டு வளர்வதால் எவ்வளவு குறைந்தது, கழிவுநீரால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துப் பார்க்க நீர்ப்பொறி அவர்களும் உதவுவார் என்று நம்புகிறேன்.

நீர்ப்பொறி எழுதியது:

நிச்சயமாக. அளக்கும் நேரத்தோடு அன்றைய ஓத அட்டவணையையும் குறித்து அனுப்புங்கள். ஏறுமுகத்தில் எடுத்த அளவையும் இறங்குமுகத்தில் எடுத்த அளவையும் ஒப்பிட்டுக் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.